முதலில் இன்ஜினைக் கேட்காதீர்கள்

கடலூர் முதுநகரை ஒட்டி ஒன்றரை ஏக்கர் பொது நிலம் இருக்கிறது. மீட்டர் கேஜ் காலத்து ரயில் பொருட்களையும் நெய்வேலிச் சுரங்கப் பொருட்களையும் வைத்து ஊராரே நடத்தும் அருங்காட்சியகப் பூங்கா ஒன்று அமைக்க வேண்டும். அதற்கு நீராவி இன்ஜின் கேட்டு யாருக்கு விண்ணப்பிப்பது? இதுதான் கேள்வி.

யாருக்கு என்பது சுலபம்: தெற்கு ரயில்வேயின் திருச்சி கோட்ட மேலாளருக்கு. கடலூரும் புதுச்சேரியும் அந்தக் கோட்டத்தில்தான் வருகின்றன. ஆனால் இப்போது அனுப்பாதீர்கள். இரண்டு மழைக்காலம் போகட்டும். கடலோர ஊரில் திறந்தவெளியில் நிற்கும் இரும்பு மேலிருந்து கெடுவதில்லை, அடியிலிருந்து கெடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை எனாமல் பூசிப் பளபளவென்று நிற்கும் இன்ஜின்களின் கீழே தலையை நுழைத்துப் பார்த்தால் தெரியும், அடிச்சட்டத்தில் விரல் உள்ளே போகும். ஒரு சிறு வேகனைத் துருப்பிடிக்காமல் இரண்டு ஐப்பசி கார்த்திகை காப்பாற்ற முடிந்த குழுதான் இன்ஜினைத் தொட வேண்டும்.

அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியாக மயிலாடுதுறை போகும் பாதை 1870களில் தென்னிந்திய ரயில்வே போட்டது. புதுச்சேரி–விழுப்புரம் பாதை 1879இல் வந்தது. விழுப்புரம்–மயிலாடுதுறை மெயின் லைன் 2010இல் அகலப் பாதையாகத் திறந்தபோது, தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள மீட்டர் கேஜ் என்ற அந்தப் பழைய உலகம் முடிந்தது. இன்ஜின்கள் சில எங்காவது நிற்கும். கைகாட்டி, டோக்கன் கருவி, பாதை பராமரிக்கும் கேங்கின் பதிவேடு, அட்டை டிக்கெட், பாதையை நடந்து சரிபார்க்கும் கீமேனின் சுத்தியல் ஆகியவை பரண்களிலும் பழைய இரும்புக் கடைகளிலும் கரைந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கையாண்டவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. முதல் ஆண்டு முழுவதும் இதற்கே போகட்டும்.

அமைப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம், அறக்கட்டளையாகவும் பதியலாம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சிஎஸ்ஆர், வேண்டுமென்றால் வருமான வரித் துறையில் 12ஏ (வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) என்ற பெயரில் அறியப்படும் பதிவுகளும் சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவு எண்ணும் தேவை. பாரம்பரியப் பாதுகாப்பு சிஎஸ்ஆர் நிதி தரக்கூடிய பணிகளைப் பட்டியலிடும் 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது, ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம். கேட்கும்போது கட்டடத்துக்கு மட்டும் கேட்காமல் ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்துக் கேளுங்கள். திறப்பு விழாவுக்குப் பணம் தர ஆள் வருவார்கள், மூன்றாம் ஆண்டு பெயின்ட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். பொருள் கேட்டு ரயில்வேக்கோ நெய்வேலிக்கோ எழுதும் கடிதத்தில் "பழைய பொருட்கள் ஏதேனும்" என்று எழுதினால் கோப்பு நகராது. எந்தப் பொருள், எந்த நிலையத்தில் அல்லது எந்தக் கிடங்கில், என்ன எண், எடுத்துவரும் செலவு யாருடையது, உரிமை மாறுகிறதா அல்லது இரவலா என்று ஒரு பொருளுக்கு ஒரு வரியாக எழுதுங்கள். கழித்துக் கட்டிய இரும்பு மின்னணு ஏலத்துக்குப் போய்விட்டால் பிறகு எடைக்கு விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

இனி நிலம். கெடிலமும் பெண்ணையாறும் கடலில் சேரும் ஊர் இது. 2015 வெள்ளத்தில் அந்த இடத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்துச் சுவர்க் கறையைப் பார்த்தும் விசாரித்தும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் தரைமட்டம் அதற்கு 60 சென்டிமீட்டராவது மேலே இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரை கடந்தது. ஆகவே கொட்டகையை நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றுக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். தகடு பிய்வது எப்போதும் ஓரத்தில்தான் தொடங்கும். ஓரத்து வரிசையில் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு ஸ்க்ரூ, நடுவில் ஒன்று விட்டு ஒன்று போதும்.

இன்னொன்று, கண்காட்சி இரும்பைச் சுற்றிப் புல்தரை வேண்டாம். புல்லுக்குத் தினமும் தண்ணீர் அடிப்பார்கள். அது பெரும்பாலும் உப்பு ஏறிய போர் தண்ணீர். சக்கரமும் அடிச்சட்டமும் நாள் முழுக்க ஈரத்தில் நிற்கும். ஜல்லி பரப்புங்கள். வண்டிக்கு மேலே நிழல் தரும் மரமும் வேண்டாம். உதிரும் இலை கூரை மூலைகளில் மக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

காட்சிக்கான தண்டவாளம் 24 மீட்டர் போதும். இரண்டு மூன்று நாலுசக்கர வேகனோ ஒரு பெட்டியோ நிற்கும். மீட்டர் கேஜில் பரவலாக இருந்தது கஜத்துக்கு 75 பவுண்டு தண்டவாளம், மீட்டருக்கு 37 கிலோ. 12 மீட்டர் துண்டு ஒன்று ஏறத்தாழ 445 கிலோ வரும், நான்கு துண்டுக்கு 1.8 டன். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஸ்லீப்பர், ஒரு ஜோடித் துண்டுக்கு நீளத்தின் எண்ணோடு ஏழு சேர்த்து 19 வீதம் மொத்தம் 38. மரக்கட்டையென்றால் 1.8 மீட்டர் நீளம். சிஎஸ்டி-9 என்ற வார்ப்பிரும்பு ஸ்லீப்பர் கிடைத்தால் அதையே போடுங்கள். கறையான் தொடாது, கவிழ்த்த சட்டி போன்ற அதன் இரண்டு தட்டும் நடுவே அவற்றை இணைக்கும் டை பாரும் பார்ப்பவருக்கும் புதுமை. அடியில் 20 சென்டிமீட்டர் ஜல்லி மெத்தை, மொத்தம் சுமார் 20 கன மீட்டர், 50 மில்லிமீட்டர் கருங்கல். மெத்தையின் கீழே மண் ஒருபக்கம் 30க்கு 1 சரிவாக வடிய வேண்டும். துண்டுகள் சேரும் இடத்தில் 6 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மார்கழி விடியலுக்கும் அக்னி நட்சத்திரத்து மதியத்துக்கும் தண்டவாளத்தின் சூடு 40 டிகிரி மாறும், 12 மீட்டர் இரும்பு அதற்கு ஐந்தரை மில்லிமீட்டர் நீளும். இடைவெளியில்லாமல் இறுக்கினால் பாதை பாம்பாக வளையும்.

போடும் முன் ஒவ்வொரு தண்டவாளத்தின் இடுப்பையும், அதாவது தலைக்கும் அடிக்கும் நடுவே உள்ள செங்குத்துப் பகுதியை, கம்பி பிரஷால் தேய்த்து, சாக்பீஸைப் படுக்க வைத்து உரசுங்கள். உருட்டிய ஆலை, எடை வகை, ஆண்டு, மாதம் எல்லாம் மேடெழுத்தாகத் தெரியும். இதைவிட மலிவான ஆவணம் வேறில்லை. அந்த முகம் பார்வையாளர் பக்கம் வரும்படி திருப்பிப் போடுங்கள். பலர் உள்பக்கமாகப் போட்டு மறைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது வேகன். மூடிய நாலுசக்கர வேகன் ஒன்றின் வெளிப்புறமும் அடிச்சட்டமும் சேர்ந்து 80 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை பெயின்ட் இல்லை, குளிப்பாட்டுவது. உப்பு இல்லாத தண்ணீரை அழுத்தமாக அடித்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டுத் தேய்த்து, மறுபடி கழுவ வேண்டும். துருவின் குழிகளில் உப்பு மிச்சமிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட்டும் எட்டு மாதத்தில் கொப்புளமிடும். ஜிங்க் பிரைமர் நல்லதுதான், ஆனால் துத்தநாகம் வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும், அதற்கு கார்னெட் மணலை அழுத்தக் காற்றில் அடித்துத் துருவை உரிக்கும் பிளாஸ்டிங் செய்ய வேண்டும். ஆற்றுமணலை அடிக்கவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கையாலும் கிரைண்டராலும்தான் சுத்தம் செய்யப்போகிறீர்கள் என்றால் துருப்பரப்பையும் தாங்கும் எபாக்ஸி மாஸ்டிக் என்ற தடித்த பெயின்ட்டை 125 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வீதம் இரண்டு கோட், மேலே வெயிலுக்காக பாலியூரித்தேன் 50 மைக்ரான். டப்பாவில் போட்டிருக்கும் திடப்பொருள் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி மைக்ரானால் வகுத்தால் ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்று தெரியும். 80 சதவீதம் என்றால் 800ஐ 125ஆல் வகுக்க 6.4. 80 சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை லிட்டர், சேதாரம் முப்பது சதவீதம் சேர்த்துக் கோட்டுக்கு 16 லிட்டர்.

பூசும் காலம் மாசி முதல் வைகாசி வரை. காலை பத்து மணிக்கு முன் தொடங்காதீர்கள். இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி ஈரம் இருக்கும். சாயங்காலக் கடற்காற்று உப்பைக் கொண்டுவரும் முன் முடித்துவிடுங்கள். நேரம் போதவில்லையென்றால் பாதி வேகன் பூசுங்கள். பழைய பெயின்ட்டை முழுவதும் சுரண்டும் முன், வெளியே தெரியாத ஒரு மூலையில் இரண்டு இரண்டு சென்டிமீட்டராகப் படிக்கட்டு போல ஒவ்வொரு அடுக்கையும் திறந்து போட்டோ எடுங்கள். அந்த வண்டி எந்தக் காலத்தில் என்ன நிறத்தில் ஓடியது என்பது அங்கேதான் இருக்கிறது. பயணிகள் பெட்டி வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் கதவு வாசலின் கீழ், கழிப்பறையின் கீழ், ஜன்னலோரத் தரை ஆகியவை. மூன்றும் அரித்திருந்தால், உட்கார்ந்து பார்க்கும் பெட்டியாக அதைத் திறக்காதீர்கள்.

நிறுத்திய வண்டியை மறக்கவும் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அச்சுப் பெட்டியில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதியதை அழுத்தி, கடப்பாரையால் சக்கரத்தைக் கால் சுற்று நகர்த்தி, மறுபடி இருபுறமும் கட்டை வையுங்கள்.

சின்னப் பொருட்களுக்கு வருவோம். எனக்கு ஒரே ஒரு ரயில் பொருளைத்தான் வைக்க முடியும் என்றால் இன்ஜினை விட்டுவிட்டு நீல்ஸ் டோக்கன் கருவி ஒரு ஜோடியைக் கேட்பேன். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில் வராமல் காத்தது அதுதான். பக்கத்துப் பக்கத்து நிலையங்களில் ஆளுக்கொரு கருவி, நடுவே மின்கம்பி. இரண்டு நிலையமும் ஒத்துக்கொண்டால் ஓர் உலோகப் பந்து வெளியே வரும். அந்தப் பந்து இரண்டில் ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகும்வரை அடுத்த பந்து வராது. பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடும் இன்ஜினில் டிரைவர் கையில் மாட்டிவிடுவார்கள். பந்தில் இரண்டு ஊர்ப் பெயர் வெட்டியிருக்கும். அதைக் குழந்தை கையில் கொடுங்கள். உண்மையானதைக் கண்ணாடிக்குள் வைத்து, வார்த்தெடுத்த நகலைக் கொடுங்கள்.

பித்தளைப் பெயர்த்தட்டு, விளக்கு இவற்றைப் பளபளப்பாக்கப் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். அருங்காட்சியகத்தில் அது கூடாது. புளியின் அமிலம் எழுத்துக் குழிகளில் தங்கிப் பச்சை பூக்கும், ஒவ்வொரு தேய்ப்பிலும் எழுத்தின் விளிம்பு மழுங்கும். ஒருமுறை மென்மையாகச் சுத்தம் செய்து மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு பூசினால் போதும். உள்ளே வைக்கும் இரும்புக் கருவிகளுக்கு உதிரும் துருவை பிரஷால் எடுத்துவிட்டு, பத்து சதவீத டானிக் அமிலக் கரைசலை இரண்டு மூன்று முறை தடவுங்கள். நீலக் கருப்பாக மாறும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை செய்த அதே வேதியியல்தான். அதற்காகக் கடுக்காயையே ஊறவைத்துத் தடவ வேண்டாம், அதில் சேர்ந்து வரும் மற்றதெல்லாம் என்ன செய்யும் என்று கணிக்க முடியாது. காய்ந்தபின் மெழுகு. இந்த வைத்தியம் கூரைக்குள் மட்டும் செல்லும், வெளியே நிற்காது.

57க்கு 30 மில்லிமீட்டர் அட்டை டிக்கெட்டுகளை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். பாலியெஸ்டர் உறையில் போட்டு இருட்டில் வையுங்கள், காட்சிக்கு வண்ண நகல் போதும்.

பதிவேடு இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட உள்ளே வாங்காதீர்கள். 2025.14.3 என்றால் 2025இல் பதினான்காவதாக வந்தவர் கொடுத்த மூன்றாவது பொருள். அளவு, எடை, நிலை, யார் கொடுத்தது, எங்கே பயன்பட்டது, நன்கொடையா இரவலா என்று எழுதி, கொடுப்பவரின் கையெழுத்தும் வாரிசு ஒருவரின் கையெழுத்தும் வாங்குங்கள். வாரிசு கையெழுத்து அதிகப்படி என்று தோன்றும். பத்து ஆண்டு கழித்து மகன் வந்து "அப்பா பார்க்கத்தான் கொடுத்தார்" என்று நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

சுரங்கப் பக்கம் சிக்கல் வேறு மாதிரி. நெய்வேலி நிலக்கரி பாதிக்குப் பாதி தண்ணீர். வெட்டியெடுத்த கட்டியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் சில வாரத்தில் வெடித்துத் தூளாகும். பிசின் பூசிக் காப்பாற்றப் போராடுவதைவிட, தண்ணீரோடு இறுக்கமாக மூடிய ஜாடியில் ஒரு கட்டியும், பக்கத்தில் காய்ந்து உதிர்ந்த கட்டியும் வைத்து ஆண்டுதோறும் புதிதாக வாங்கிக்கொள்வது மேல். அந்த ஜோடியே ஒரு பாடம். வெளியே குவியலாக மட்டும் வைக்காதீர்கள், பழுப்பு நிலக்கரி குவியலுக்குள் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். ஒரு சாக்குக்கு மேல் வளாகத்தில் தேவையில்லை.

சக்கரத்தைச் சுற்றி வாளிகள் பொருத்திய ராட்சத வெட்டும் இயந்திரமான பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரையே கொண்டுவர ஆசைப்படுவார்கள். முடியாது, வேண்டியதும் இல்லை. அதன் வாளி ஒன்று போதும். நெய்வேலியில் 350, 700, 1,400 லிட்டர் என மூன்று அளவில் ஓடுகின்றன. 1,400 லிட்டர் வாளிக்குள் நாலு பிள்ளைகள் உட்காரலாம். தேய்ந்த பல்லையும் புதுப் பல்லையும் பக்கத்தில் மாட்டுங்கள், கடலூர் மணற்கல் இரும்பை என்ன பாடு படுத்துகிறது என்று விளக்கப் பலகை இல்லாமலே புரியும்.

1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கரும்பொருள் வந்ததும், 1956இல் நெய்வேலி நிலக்கரிக் கழகம் உருவானதும், 1957இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்ததும் எல்லாரும் வைக்கும் பலகைதான். யாரும் வைக்காதது தண்ணீர்க் கதை. நிலக்கரிப் படிவத்தின் கீழே இருக்கும் நிலத்தடி நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டுகிறது. அறுபது மீட்டருக்குக் குறையாத நீர்த்தூணின் பலம் அது. மேல்மண்ணை எடுக்க எடுக்கப் பாரம் குறைந்து, ஒரு கட்டத்தில் தரை பிளந்து தண்ணீர் பீறிடும். ஆகவே வெட்டும் முன்பே ஆழ்குழாய்களால் ஓயாமல் இறைத்து அழுத்தத்தைத் தணிக்கிறார்கள்.

இதை ஒரு தொட்டியில் காட்டலாம். 10 மில்லிமீட்டர் அக்ரிலிக், நீளம் 120, அகலம் 40, உயரம் 60 சென்டிமீட்டர். அடியில் 15 சென்டிமீட்டர் பருமணல், அதில் ஒரு ஓஸ் வழியாக வெளியே தொங்கும் வாளியின் தண்ணீர் நுழைகிறது. மேலே 5 சென்டிமீட்டர் குயவர் களிமண், கண்ணாடியோரம் விரலால் அழுத்தி அடைத்து. அதன்மேல் 20 சென்டிமீட்டர் உலர்மணல். வாளியின் நீர்மட்டம் களிமண்ணின் அடிப்பரப்புக்கு 30 சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். மணலின் பாரம் 32, களிமண்ணின் பாரம் 10, ஆக 42 சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம், அதனால் அசையாது. தொட்டி முழுவதும் மணலை அள்ளிப் பத்து சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் பாரம் 26, கீழே அழுத்தம் 30. களிமண் உப்பும், ஓரத்தில் பிளக்கும். மறுமுறை அடிமணலில் பதித்த குழாயைத் திறந்து நீர்மட்டத்தை 10க்குக் கீழே இறக்கிவிட்டு அள்ளச் சொல்லுங்கள், ஒன்றும் ஆகாது. தவறுவது பெரும்பாலும் ஓரத்து அடைப்பில். களிமண் முன்தினமே காய்ந்து சுருங்கியிருக்கும், காலையில் மறுபடி அழுத்துங்கள்.

அந்தக் குழிக்கு நிலம் கொடுத்த ஊர்களின் பெயரும் அங்கே இருக்க வேண்டும். வரைபடத்தில் இல்லாமல் போன கோயில், ஏரி, களம் எல்லாவற்றையும் அந்த ஊர்க்காரர்களைக் கொண்டே வரையச் சொல்லுங்கள். இது இல்லாமல் சுரங்கப் பகுதி நிர்வாக விளம்பரமாகத்தான் நிற்கும். ஓய்வுபெற்ற கேங்மேன், கேட்கீப்பர், பம்ப் ஆபரேட்டர்களின் பேச்சைப் பதியும்போது "அந்தக் காலம் எப்படி இருந்தது ஐயா" என்று கேட்டால் பொதுவாகத்தான் சொல்வார்கள். "நைட் டியூட்டிக்கு என்னென்ன எடுத்துட்டுப் போவீங்க, முதல்ல எதைத் தொடுவீங்க" என்று கேளுங்கள். காலர் மைக், ஒரு அமர்வுக்கு முக்கால் மணி நேரம், எழுத்துச் சம்மதம், மூன்று இடத்தில் நகல்.

ஆபத்து மூன்று நான்கு உண்டு. பாய்லர் போர்வையிலும் பழைய பெட்டிச் சுவர்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பரிசோதிக்காமல் பிரிக்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் உண்டு, உலர்ந்த நிலையில் தேய்க்காமல் ஈரப்படுத்தித் தேயுங்கள். கிரியோசோட் ஊறிய ஸ்லீப்பர் கட்டையில் பூங்கா பெஞ்ச் செய்யாதீர்கள், வெயிலில் கசிந்து தோலில் ஒட்டும். தண்டவாளத்தில் வைத்து வெடிக்கும் பனிமூட்டப் பட்டாசோ சுரங்க டெட்டனேட்டரோ நன்கொடைப் பெட்டியில் தகர டப்பாவாக வரலாம். திறக்காமல், நகர்த்தாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

விளக்கப் பலகைகளை வினைலில் அடித்தால் இரண்டு கோடையில் வெளுக்கும். விருத்தாசலம் பக்கத்தில் இருக்கிறது, பீங்கான் ஓட்டில் எழுத்தைச் சுட்டு வாங்குங்கள். வெயிலும் உப்பும் அதை ஒன்றும் செய்யாது. ஒரு பலகைக்கு அறுபது சொல்லுக்கு மேல் வேண்டாம்.

இத்தனையும் நின்றபின் இன்ஜின். மீட்டர் கேஜ் டீசல் இன்ஜின் ஒய்டிஎம்-4 ஒன்றே 72 டன். இரண்டு கிரேன், தாழ்தள டிரெய்லர், வழியெங்கும் மின்கம்பி தூக்க ஆள் என்று திட்டமிட வேண்டும். நீராவி இன்ஜின் வந்தால் முதல் வாரத்திலேயே புகைப்பெட்டியைத் திறந்து கரியையும் சாம்பலையும் முழுக்க வாருங்கள். ஈரம் சேர்ந்தால் கந்தகம் அமிலமாகி உள்ளிருந்து தகட்டைத் தின்னும். சிலிண்டர் வடிகால்களையும் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரின் அடி முளையையும் திறந்தே விடுங்கள். சிம்னி வாயை மூடுங்கள், ஆனால் மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். அடைத்து மூடினால் உள்ளே வியர்க்கும்.